பசியைப் பற்றிக் கலை வழியாகப் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், மட்பாண்டம், புகைப்படம், நாடகம், சுவரோவியம் என்று ஏதோ ஒரு வழியில் பசியைப் பற்றி ஊராரிடம் பேச நினைக்கிற கலைஞர்களும் ஆசிரியர்களும் தொண்டு அமைப்புகளில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும், சில ஓரிரு வரியோடு முடிந்துவிடும்.

உலகத்தில் பசி இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? இதில் புதிதாக என்ன விழிப்புணர்வு?

பசி இருக்கிறது என்று தெரியும். அது எப்படி இருக்கும் என்பதில்தான் பலருக்குத் தவறான படம் மனதில் பதிந்திருக்கிறது. ஒட்டிய கன்னம், துருத்திய விலா, வெடித்த நிலம். அது பஞ்சத்தின் முகம். ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024-இல் பட்டினியில் இருந்தவர்கள் ஏறக்குறைய 67 கோடிப் பேர், அதாவது உலகில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர். போதுமான, சத்தான உணவு எப்போதும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர்களையும் சேர்த்தால் 230 கோடியைத் தொடுகிறது. இவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்தச் சுவரொட்டிப் படங்களில் இருப்பவர்களைப் போல இருக்க மாட்டார்கள். வேலைக்குப் போவார்கள், பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு "நான் அப்போதே சாப்பிட்டேன்" என்று சொல்லும் அம்மா, மாதக் கடைசியில் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கும் குடும்பம், வயிறு நிறைந்தும் இரும்புச்சத்து இல்லாமல் சோர்ந்து போகும் பெண் குழந்தை: இந்தப் பசிக்குத்தான் படம் இல்லை. கலைக்கு வேலை இருப்பதும் இங்கேதான்.

சரி, கலையால் உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பதை விடக் குறைவாக, எதிர்பாராத இடத்தில்.

1943 வங்காளப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இறந்தவர்கள் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. போர்க்காலத் தணிக்கையால் பஞ்சம் என்று வெளிப்படையாக எழுதுவதே சிரமமாக இருந்த நேரம் அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் தேதி கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் தெருவில் விழுந்து கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டார். அதன்பிறகு "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்வது அரசுக்குக் கடினமாகிவிட்டது. அதே பஞ்சத்தை ஓவியர் ஜைனுல் ஆபெதின் மலிவான காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்தார். இன்னோர் ஓவியர் சித்தப்ரசாத் வங்காளத்தின் மிதுனாபூர் மாவட்டத்தில் நடந்தே சுற்றி, பார்த்தவற்றை வரைந்தும் எழுதியும் ஒரு சிறு புத்தகமாக்கினார். பிரிட்டிஷ் அரசு அதைப் பறிமுதல் செய்து அழித்தது. வெறும் கோட்டோவியங்களைக் கண்டு ஓர் ஆட்சி இவ்வளவு பதறியது என்பதே அவை எங்கே போய்க் குத்தின என்பதைக் காட்டிவிடுகிறது. அடுத்த ஆண்டு, 1944-இல், இந்திய மக்கள் நாடக மன்றம் பஞ்சத்தில் சிதறிய ஓர் உழவர் குடும்பத்தைப் பற்றிய நாடகத்தை மேடையேற்றி நிவாரணத்துக்கு நிதியும் திரட்டியது.

இவை எதுவும் பஞ்சத்தைத் தடுத்து நிறுத்தவில்லை. மறுக்க முடியாதபடி செய்தன. நிவாரணத்தை வேகப்படுத்தின. இன்று நாம் அதைப் பற்றிப் பேசுவதற்கான சாட்சியங்களாகவும் நிற்கின்றன. உங்கள் கண்காட்சியிடமிருந்தும் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இதுவே பெரிய விஷயம்.

பசியால் மெலிந்த குழந்தையின் படத்தைப் பயன்படுத்தலாமா?

அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பெரும்பாலும் வேண்டாம் என்பேன். காரணத்தைச் சொல்கிறேன்.

1936-இல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் புகைப்படக் கலைஞர் டொரோத்தியா லாங் எடுத்த தாயின் படம் உலகம் முழுக்கத் தெரிந்தது. செய்தித்தாளில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் உணவு அனுப்பியது. வெற்றிக் கதை என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உணவு வந்து சேர்வதற்குள் படத்தில் இருந்த ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் பிள்ளைகளோடு வேறு இடம் போய்விட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவரைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார். அதனால் அவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. தன் முகம் வறுமையின் அடையாளமாக மாறிப்போனதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார்.

1993-இல் உள்நாட்டுப் போர் நடந்த தெற்குச் சூடானில் செய்திப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் எடுத்த படம் இன்னொன்று: சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் ஒரு பிணந்தின்னிக் கழுகு. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு கிடைத்தது. உலகமே கேட்ட கேள்வி அந்தப் போரைப் பற்றியதாக இல்லை, "குழந்தையைத் தூக்கினாயா?" என்பதாக இருந்தது. படத்தின் அதிர்ச்சி முழுவதும் எடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டது. குழந்தையின் பெயரைக்கூட அப்போது யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு மாறான வழி ஒன்று அதற்கும் முன்பே இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில், பணவீக்கம் சாப்பாட்டையே எட்டாக்கனியாக்கிய ஆண்டுகளில், ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் நிவாரண இயக்கங்களுக்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். ஒன்றில் குழந்தைகள் வெறுங்கிண்ணங்களை உயர்த்தி நம்மை நோக்கி அண்ணாந்து நிற்கிறார்கள். இன்னொன்றில் சேலையை இழுப்பதுபோல் இரண்டு குழந்தைகள் அம்மாவைப் பற்றி இழுக்கிறார்கள். அம்மாவின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. கொடுக்க ஒன்றும் இல்லாதவளின் முகத்தை அவர் காட்டவே இல்லை. எந்த நிஜக் குழந்தையும் அதில் அம்பலப்படவில்லை, ஆனாலும் பார்ப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. வரைகிறவருக்குக் கேமராவுக்கு இல்லாத இந்தச் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

புகைப்படம்தான் வேண்டும் என்றால், குறைந்தபட்சம் இவ்வளவு: அந்த மனிதருக்கு (குழந்தையானால் பெற்றோருக்கும்) படம் எங்கே, யார் கண்ணில் படும், இணையத்தில் எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சம்மதம் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "இந்தப் படத்தில் என் பிள்ளை இருந்தால் மாட்டுவேனா?" என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு 2006-இல் படங்களுக்கும் செய்திகளுக்கும் என்றே நடத்தை விதிகளை வகுத்தது. அதன் சாரமும் இதுதான்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு பசித்த முகங்களை உருவாக்கினால் யாருக்கும் பாதிப்பு இல்லையே?

அந்த இயந்திரம் கற்றது பழைய சுவரொட்டிப் படங்களிலிருந்து. அதே விலா எலும்பையும் அதே வெடித்த நிலத்தையும்தான் திருப்பித் தரும். பார்ப்பவர் ஒருமுறை "இது பொய்ப் படம்" என்று கண்டுகொண்டால், பக்கத்தில் இருக்கும் உண்மைத் தகவலையும் நம்ப மாட்டார்.

எண்களைச் சொல்வதா, ஒரு மனிதரின் கதையைச் சொல்வதா?

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. பங்கேற்றவர்களில் சிலருக்குப் பசியால் வாடும் லட்சக்கணக்கானவர்கள் பற்றிய புள்ளிவிவரத்தைக் கொடுத்தார்கள். சிலருக்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையைக் கொடுத்தார்கள். சிறுமியின் கதையைப் படித்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்கொடை தந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நன்கொடை குறைந்துவிட்டது என்பதுதான் யோசிக்க வைக்கிறது. பெரிய எண் வந்ததும், நான் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கை தளர்ந்துவிடுகிறது போலும்.

இதைப் பார்த்துவிட்டு எண்களையே விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் பசி அந்த ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டமாகத் தெரியும். எண்ணைக் கண்ணால் பார்க்கும்படி செய்வது நல்ல வழி. புகைப்படக் கலைஞர் ஸ்டீஃபன் சோவும் பொருளியலாளர் ஹுயீ லினும் 2010-இல் தொடங்கிய தொடரில், ஒவ்வொரு நாட்டிலும் வறுமைக் கோட்டில் இருப்பவர் ஒரு நாளைக்கு உணவுக்குச் செலவிடக்கூடிய தொகையில் என்ன வாங்க முடியும் என்பதை, அந்த ஊர்ச் செய்தித்தாளின் மேல் பரப்பிப் படம் எடுத்தார்கள். ஒரு மனிதர்கூடப் படத்தில் இல்லை. கொஞ்சம் காய், அல்லது ஒரு துண்டு இறைச்சி, அவ்வளவுதான். பார்ப்பவர் தானாகவே தன் சாப்பாட்டோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார். பசியைப் பற்றிய கலையில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று, குறிப்பாக அதில் அழுகை இல்லாததால்.

வெறுங்கிண்ண விருந்து என்கிறார்களே, அதை எப்படி நடத்துவது?

1990-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் ஹார்ட்டம், லிசா பிளாக்பர்ன் என்ற இரண்டு கலைஞர்கள் தொடங்கியது. மாணவர்களும் குயவர்களும் கிண்ணங்கள் செய்வார்கள். வருகிறவர் பணம் கொடுத்து ஒரு கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்து அதில் எளிய சூப்பும் ரொட்டியும் சாப்பிடுவார். கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அலமாரியில் அது வெறுமையாக இருக்கும்போதெல்லாம் நினைவு வர வேண்டும் என்பது எண்ணம். பணம் பசியைப் போக்கும் அமைப்புக்குப் போகும். இன்று பல நாடுகளில் நடக்கிறது.

நடத்துவதில் சறுக்கும் இடங்கள் சில. முதலாவது நேரம். களிமண் கிண்ணம் மெதுவாகக் காய வேண்டும், ஒருமுறை சுட வேண்டும், மெருகு (கண்ணாடிபோல் பளபளக்கும் மேற்பூச்சு) பூசி மறுபடி சுட வேண்டும். சூளையில் இடம் எவ்வளவோ அவ்வளவு கிண்ணம்தான் ஒரு நடையில் போகும். நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே தொடங்குங்கள். இரண்டாவது மெருகு. ஈயமோ காட்மியமோ கலந்த மெருகு பூசிய கிண்ணத்தில் சூடான, புளித்த உணவை ஊற்றினால் நஞ்சு உணவில் இறங்கும். உணவுக்கு ஏற்றது என்று விற்கப்படும் மெருகை மட்டும் வாங்கி, அதற்குச் சொன்ன வெப்பத்தில் சுடுங்கள். சந்தேகம் இருக்கும் கிண்ணத்தை அலங்காரப் பொருள் என்று எழுதித் தனியாக விற்றுவிடலாம்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். மாலை இதமாக இருக்கும். இசை, சூப், அழகான கிண்ணம், நாலு பேரோடு பேச்சு. நல்ல காரியம் செய்த திருப்தியோடு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பசி எங்கே என்று கேட்டால் வாசலில் மாட்டிய பதாகையில் மட்டும் இருக்கும். அதனால், உணவு வங்கியில் (நன்கொடையாக வரும் உணவுப் பொருட்களைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு) தினமும் வரிசையைப் பார்க்கிற ஒருவரை ஐந்து நிமிடம் பேச வையுங்கள். எந்த நாளில் கூட்டம் கூடுகிறது, என்ன பொருள் முதலில் தீர்ந்து போகிறது, யாரைத் திருப்பி அனுப்ப நேர்கிறது என்று அவர் சொல்லும் சின்னச் சின்ன விவரங்கள், எந்த உரையாலும் முடியாததைச் செய்யும். அப்புறம், கிளம்பும் முன் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். மாதம் ஒருநாள் உழைப்பா, மக்கள் பிரதிநிதிக்கு ஒரு கடிதமா, ஏதாவது ஒன்று. ஆறு காரியம் கேட்டால் ஒன்றும் நடக்காது.

உணவுப் பொருட்களைக் கொண்டே சிற்பம் செய்யலாமா? அது வீணடிப்பு ஆகாதா?

பிறகு சாப்பிட முடிகிற மாதிரி செய்தால் ஆகாது. 1992-இல் தொடங்கிய கேன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற போட்டியில் கட்டிடக் கலைஞர்களும் பொறியாளர்களும் டின் உணவுகளை அடுக்கிப் பெரிய உருவங்கள் கட்டுகிறார்கள். முடிந்ததும் அத்தனையும் உணவு வங்கிக்குப் போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, டின்னின் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்கவோ மறைக்கவோ கூடாது, பசையை நேரடியாகத் தடவவும் கூடாது. உள்ளே என்ன, காலாவதி எப்போது என்று படிக்க முடியாத டின்னை எந்த உணவு வங்கியும் வாங்காது. இன்னொன்று, நிறத்துக்காக மட்டும் டின் வாங்காதீர்கள். சிவப்பு வேண்டுமென்று யாருக்கும் வேண்டாத பண்டத்தை ஆயிரம் டின் கொண்டுபோய் இறக்கினால், அதை வைக்க இடம் தேடுவதே அவர்களுக்கு வேலையாகிவிடும். முதலில் பட்டியலை அவர்களிடம் கேட்டு, அதிலிருந்து உருவத்தை யோசியுங்கள்.

புதிய உணவைச் சுவரில் பூசுவது, அழுக விட்டுக் காட்சிக்கு வைப்பது போன்றவை வேறு கதை. 2022-இல் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் வீணான உணவு 105 கோடி டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். வீணடிப்பைப் பற்றியே கலை என்றால் ஏற்கெனவே வீணானதை வைத்துச் செய்யலாம், பஞ்சமே இல்லை.

பசியை அனுபவித்தவர்களை இதில் எப்படிச் சேர்ப்பது?

கடைசியில் மேடையேற்றி நன்றி சொல்ல வைப்பதற்காக என்றால் சேர்க்கவே வேண்டாம். தொடக்கத்திலிருந்தே தீர்மானிப்பவர்களாக இருக்கட்டும்.

நல்ல முன்மாதிரி 2008-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நடந்தது. டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் மரியானா சில்ட்டனும் அவர் குழுவும் சிறு குழந்தைகள் உள்ள 42 ஏழைத் தாய்மார்களுக்குக் கேமரா கொடுத்தார்கள். தங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் அன்றாடத்தையும் அவர்களே படம் எடுத்து, அதற்கான விளக்கத்தையும் அவர்களே சொன்னார்கள். அந்தப் படங்கள் வாஷிங்டன் வரை போயின. அந்தத் தாய்மார்களும் போய்ச் சட்டம் இயற்றுபவர்களிடம் நேரில் பேசினார்கள். பசியைப் பற்றி எடுக்கச் சொன்னால் அவர்கள் வாடகையைப் பற்றியும் வன்முறையைப் பற்றியும் எடுத்தார்கள். வெளியிலிருந்து போன எந்தக் கலைஞருக்கும் அது தோன்றியிருக்காது. இந்த முறைக்கு வேர், 1990-களில் சீனாவின் யுன்னான் மாகாணத்து கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்துப் பார்த்த கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோரின் வேலை.

நடைமுறையில்: அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், பயணச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் உட்பட. பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும். "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று நாளைக்குச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

போர், விலைவாசி, அரசின் கொள்கை என்று காரணங்களைத் தொட்டால் அரசியல் ஆகிவிடாதா?

ஆகும். தொடாவிட்டாலும் அரசியல்தான், பொய்யான அரசியல்.

1984-இல் எத்தியோப்பியப் பஞ்சம் தொலைக்காட்சியில் வந்தது, அடுத்த ஜூலையில் லண்டனிலும் பிலடெல்ஃபியாவிலும் மாபெரும் இசை நிகழ்ச்சிகள் நடந்து பெருநிதி சேர்ந்தது. ஆனால் பார்த்தவர்கள் மனதில் தங்கியது மழை பொய்த்த நாடு என்பதுதான். உள்நாட்டுப் போரும், அரசு மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்ததும் அங்கே பாடிய பாடல்களில் வரவில்லை. வங்காளப் பஞ்சத்திலும், உணவு இல்லாததை விட அதை வாங்கும் வழி ஏழைகளுக்கு இல்லாமல் போனதே முக்கியக் காரணம் என்று 1981-இல் பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டினார். மழையைக் குற்றம் சொல்லும் ஓவியம் யாரையும் கோபப்படுத்தாது என்பது உண்மைதான். அதனாலேயே அது யாரையும் அசைக்கவும் செய்யாது.

கட்சிக்கு விளம்பரம் செய்வது வேறு, காரணத்தைச் சொல்வது வேறு. அயர்லாந்தின் டப்ளின் நகர ஆற்றங்கரையில் 1997-இல் சிற்பி ரோவன் கில்லெஸ்பி வைத்த வெண்கல உருவங்கள் கந்தலோடு துறைமுகம் பக்கம் நடந்துகொண்டிருக்கின்றன. அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் உணவு ஏற்றுமதியானதும் மக்கள் கப்பலேறியதும் அதே நீர்வழியில்தான். உருவங்களை அங்கே நிறுத்தியதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: "பஞ்சம்" என்ற சொல்லை அலட்சியமாக எழுதாதீர்கள். அதை அறிவிக்க உலக அளவில் வரையறை இருக்கிறது: ஐந்தில் ஒரு குடும்பம் கடும் உணவின்மையில், குழந்தைகளில் 30 சதவீதம் கடும் ஊட்டச்சத்துக் குறைவில், பத்தாயிரம் பேருக்குத் தினம் இரண்டு சாவு. எல்லாவற்றையும் பஞ்சம் என்று சொல்லிவிட்டால் உண்மையில் வரும்போது சொல்ல வார்த்தை இருக்காது.

நாடகம் போடலாமா?

தாராளமாக. அழவைக்கும் நாடகத்தை விட, பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற நாடக முறை இதற்குப் பொருந்தும். ஒரு காட்சி தோல்வியில் முடியும்: உதவி அட்டைக்கு அலையும் பெண்ணை அலுவலக மேசையில் திருப்பி அனுப்புகிறார்கள். மறுபடி அதையே நடிப்பார்கள். இம்முறை பார்வையாளர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி அந்தப் பெண்ணின் இடத்தில் தானே நடித்துப் பார்க்கலாம். வீறாப்பாக ஏறி வருபவர் அந்த மேசைக்கு முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கும்போது, அரங்கத்துக்கே ஏதோ புரியும்.

பள்ளி மாணவர்களை வைத்துச் செய்யும்போது?

அந்த வகுப்பிலேயே காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். "உங்களில் யார் பட்டினி கிடந்திருக்கிறீர்கள்?" என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். பசியை உணர்த்துகிறேன் என்று ஒருவேளை சாப்பாட்டை நிறுத்தும் பயிற்சியும் வேண்டாம். ஏழைகள் என்றால் "அவர்கள்" என்று பேசாதீர்கள்.

சுவரோவியம் வரைய இடம்?

எல்லோரும் போட்டோ எடுக்கும் இடத்தை விட, உணவு தேவைப்படுபவர் கடந்து போகும் இடம் நல்லது. ஒரு மூலையில் எங்கே, எந்த நேரத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று எழுதிவிடுங்கள். அந்தத் தகவல் மாறினால் வந்து திருத்துவது யார் பொறுப்பு என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

அக்டோபர் 16, உலக உணவு தினத்தில்தான் நடத்த வேண்டுமா?

அன்று எல்லோரும் நடத்துவார்கள், பத்திரிகைகளில் இடம் கிடைப்பது எளிது. ஆனால் நன்கொடை வற்றும் மாதம் எது என்று உணவு வங்கியைக் கேட்டு அப்போது நடத்தினால் பயன் அதிகம்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பவை மனதுக்குச் சுகம். ஆறு மாதம் கழித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: அன்று பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் உழைக்க வருகிறார்கள்? நீங்கள் கேட்ட மாற்றத்தைப் பற்றி அதிகாரத்தில் இருப்பவர் யாராவது பதில் சொன்னாரா?

கலைஞர்கள் இலவசமாகத்தான் செய்ய வேண்டுமா?

தேவையில்லை. கலைஞர்களிலும் மாதக் கடைசியைத் தள்ள முடியாதவர்கள் இருக்கிறார்கள். படைப்பை விற்றால் கலைஞருக்கு எவ்வளவு, பொருள் செலவுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு என்று விலைச் சீட்டிலேயே அச்சிட்டுவிடுங்கள். "வருமானம் முழுவதும் ஏழைகளுக்கு" என்று போட்டுவிட்டுப் பின்னால் செலவைக் கழிக்கும்போதுதான் சண்டை வருகிறது.

விற்காமல் போன படைப்புகளை என்ன செய்வது?

உணவு வங்கியின் காத்திருப்பு அறைக்குக் கொடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சாப்பாட்டுக்காக வரிசையில் நிற்பவர் எதிர்ச் சுவரில் பட்டினி ஓவியத்தைப் பார்க்க விரும்ப மாட்டார். அங்கே ஒரு பூவோ கடலோ மாட்டினால் போதும்.